மலையேறும் காற்றும் சிறு விமானமும்

கோவையிலிருந்து வடக்கே நோக்கினால், தெளிந்த நாளில் நீலகிரி ஒரு நீலச் சுவராகத் தெரியும். 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் ஒன்று அம்மலையில், ரங்கசாமித் தூண் எனப்படும் பாறைக்கு அருகே விழுந்து நொறுங்கியது. இறந்தோருள் புள்ளியியல் மேதை ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் இருந்தனர். உலகப் போரில், திரும்பி வந்த விமானங்களின் குண்டுத் துளைகளை ஆராய்ந்து, திரும்பி வராதவை எங்கே அடிபட்டிருக்கும் எனக் கணித்தவர் வால்ட்.

“மலைக்கு மேலே பறந்துவிட்டால் போகிறது!” என்று மாணவர்கள் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு விமானம் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் சென்று, நொடிக்கு 2.5 மீட்டர் உயருகிறது என்க. அதாவது 20 மீட்டர் முன்னேறினால் 1 மீட்டர் ஏற்றம். நம் ஊட்டி ரயிலோ, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. ரயில் ஏறும் சரிவில் இவ்விமானத்தால் ஏற இயலாது! மேலும், 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதே தூக்குவிசையைப் பெற விமானம் இன்னும் விரைய வேண்டும். போதிய காற்றின்றி எந்திரமோ வலுவிழக்கிறது.

வகுப்பில் படித்த படகுக் கணக்கை நினைவுகூருங்கள். பரிசல் ஆற்றோடு நகர்வது போல, விமானமும் தன்னைச் சூழ்ந்த காற்றோடு நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் புறத்தில் ஏறி, முகட்டைக் கடந்து, நம் பக்கம் இறங்குகிறது. அது நொடிக்கு 3 மீட்டர் இறங்கினால், 2.5 மீட்டர் ஏறும் விமானம் முகப்பை உயர்த்தியபடியே அரை மீட்டர் கீழிறங்கும். திரும்பிவிடலாமே என்றால், 30 பாகை சாய்ந்து அரைவட்டமடிக்க ஏறக்குறைய 900 மீட்டர் அகலம் வேண்டும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு! ஆகவேதான் தேர்ந்த விமானிகள் பள்ளத்தாக்கின் நடுவே செல்லாமல் ஓரமாகச் செல்கிறார்கள்.

டிசம்பரில் காற்று கிழக்கிலிருந்து, ஈரத்துடன் வந்து கிழக்குச் சரிவில் ஏறுகிறது. மேட்டுப்பாளையத்தில் வெப்பநிலை 26°, பனிநிலை 18° செல்சியஸ் என்க. ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் சுமார் 125 மீட்டர் ஏறினால் நீராவி மேகமாகும். வேறுபாடு 8 பாகை. எனவே 1000 மீட்டர். மேட்டுப்பாளையத்தின் உயரம் 330 மீட்டரைக் கூட்டினால் 1330. குன்னூரோ 1700 மீட்டருக்கும் மேலே! கீழே இருப்பவருக்கு மேகம். குன்னூர்க்காரருக்கு அதுவே மூடுபனி. விமானிக்கு அதனுள் மறைந்திருப்பது பாறை.

2021 டிசம்பர் 8 அன்று முற்பகல் 11.48-க்குச் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் 12.08-க்குத் தொடர்பை இழந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரின் உயிரை அவ்விபத்து பறித்தது. செங்குத்தாக எழ வல்ல ஊர்திக்கே இந்நிலை. எந்திரக் கோளாறு இல்லை என்றது விசாரணைக் குழு. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாற, ஊர்தி மேகத்துள் புக, விமானியின் திசையுணர்வு பிறழ்ந்தது என்றது.

இப்பிறழ்வை வீட்டிலேயே உணரலாம். சுழல் நாற்காலியில் கண்ணை மூடி அமருங்கள். நண்பர் ஒரே சீராக, மெதுவாகச் சுழற்றட்டும். சற்று நேரத்தில் நாற்காலி நின்றுவிட்டதாகத் தோன்றும். உட்செவியின் நீர்மமும் உங்களோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடுவதே காரணம். நண்பர் நாற்காலியை நிறுத்தியதும் எத்திசையில் சுழல்வதாக உணர்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள்.