மலாக்காவின் மண் போதிக்கும் பாடம்

வர்த்தகம் செய்பவர் ஊராரை அறிந்தால் மட்டும் போதாது. ஊர் நிற்கும் மண்ணையும் அறிந்திருத்தல் அவசியம். மண்ணில் விளைவது மாறினால் கடையில் விற்பதும் மாறும். இதற்கு நம் மலாக்காவே தக்க சான்று.

'மலாக்கா' என்பது ஒரு மரத்தின் பெயர். நாம் நெல்லி என்று சொல்வதும் அம்மரத்தைத்தான். 1400-ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்த பரமேஸ்வரா, அம்மரத்தடியில் இளைப்பாறுகையில், சருகுமான் ஒன்று வேட்டைநாயை உதைத்துத் தள்ளக் கண்டு, இவ்விடத்திலேயே நகரமைத்தார் என்பது மலாய் மக்கள் வழங்கும் கதை.

ஆயினும் இந்நகரம் தன் வயலை நம்பி வாழவில்லை. ஜாவா, சயாம், பெகு தேசங்களிலிருந்து அரிசி கப்பலேறி வந்தது. தென்மேற்குக் காற்றில் நம் கரையின் மரக்கலங்களும், வடகிழக்குக் காற்றில் சீனத்து மரக்கலங்களும் வந்து, காற்றுத் திரும்பும்வரை காத்திருந்தன. அந்நிய வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்ததாக, 1511-இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றிய பின் இங்கு வந்து தங்கிய தோமே பிரெஸ் எழுதியுள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்நாட்டுக் காடுகள் வெட்டப்பட்டன. சீன முதலாளிகள் மரவள்ளி பயிரிட்டனர். மரவள்ளி சீக்கிரம் பணம் தரும். மண்ணின் சத்தையும் சீக்கிரம் உறிஞ்சும். சத்திழந்த நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குச் சென்றார்கள். விட்ட நிலத்தில் லாலான் புல் மண்டியது.

அக்காலத்தில் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று காண்போரிடமெல்லாம் சொல்லி வந்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமே மிஞ்சியது. அவர் சொல்லைக் கேட்டவர் மலாக்காச் சீனரான டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் ரப்பரோடு மரவள்ளியும் பயிரிடப்பட்டது. ரப்பர் மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவைத் தாங்க விரைவில் பலன் தரும் பயிரொன்று வேண்டுமல்லவா? மண்ணைக் கெடுத்த அதே மரவள்ளி, பொறுமையுள்ளவர் கையில் நீண்டகால முதலுக்குத் துணையாயிற்று!

ரப்பர் பெருகவே, தமிழகத்துத் தொழிலாளர் தோட்டங்களுக்குத் திரண்டு வந்தனர். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் நம்மவர் கடைகளும் தோன்றின. பற்று எழுதிச் சாமான் கொடுத்து, சம்பள நாளில் வரவு வைத்தார்கள். பிற்காலத்தில் பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவையில்லை. லயங்கள் காலியாயின, குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. மண்ணின் மாறுதலை முன்னறிந்து தாமும் பட்டணத்திற்குக் கடையை மாற்றியவர் பிழைத்தார். பழைய பற்றுப் புத்தகத்தையே பார்த்திருந்தவர் கடையடைத்தார்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. மலாக்கா நகரின் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748-இல் நம்மவரான வணிக முன்னோர் மரத்தால் எழுப்பியது. 1872-இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. மூன்றடுக்குக் கூரை ஜாவா முறை; மினாரா சீனத்துக் கோபுரத்தை ஒத்தது. அதே தெருவில் 1781-இல் எழுந்த விநாயகர் ஆலயமும், சீனர் ஆலயமும் உள்ளன. அம்முன்னோரின் மரக்கலங்கள் மறைந்தன. அவர்கள் அறமாக விட்டுச் சென்றது நிற்கிறது. 2008-இல் இந்நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

ஆகவே, அன்றாட லாபத்திற்கொரு பயிர், பிள்ளைகளுக்கொரு பயிர், மறுமைக்கொரு பயிர் என மூன்றும் நடுவோமாக. நட்ட மரத்தின் பலனைப் பறவை உண்டாலும் நட்டவருக்கு அது தர்மமாகும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனையன்றோ! அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை அப்பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, இவ்வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.