பணச் சான்று: நான் கற்ற பாடம்

கடல் கடந்து பயில விழைவோர் நம் சங்கத்தில் பலர் உளர். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்தவுடன் பயணம் உறுதி என்று எண்ணிவிடுதல் கூடாது. "எங்கள் நாட்டில் உண்டு உறங்கிப் படிக்க உன்னிடம் பணம் உண்டா?" என்று அந்நாட்டார் கேட்பர். அதற்கு விடையளிக்கும் முறையை, நான் பட்டறிந்தபடி ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் பிரிட்டன். முதலாண்டுக் கட்டணத்தில் செலுத்தாத மிச்சத்தோடு, ஒன்பது மாதச் செலவுக்கும் பணம் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் மாதச் செலவு லண்டனில் 1,529 பவுன் என்றும், பிற ஊர்களில் 1,171 பவுன் என்றும் வகுத்துள்ளனர். லண்டனுக்கு வெளியே பயில்வோர்க்கு, கட்டணம் நீங்கலாகவே 10,539 பவுன் ஆகிறது. இத்தொகை 28 நாள் இடைவிடாது வங்கியில் இருத்தல் வேண்டும்; ஒரு நாள் குறைந்தாலும் மனு தள்ளப்படலாம். அந்த 28 நாளின் கடைசி நாள், மனுச் செய்யும் நாளுக்கு முந்திய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும்.

பெற்றோர் கணக்கானால் பிறப்புச் சான்றும் அவர்தம் இசைவுக் கடிதமும் தேவை. மாமன், அண்ணன் கணக்குகள் செல்லா. வீட்டுப் பத்திரம், நகை, கம்பெனிப் பங்குகள் ஆகியனவும் சேரா. மனுச் செய்யும் நாளின் மாற்று விகிதமே கணக்கென்பதால், சிறிது மிகுதியாக வைத்திருத்தல் நலம்.

ஜெர்மனியின் வழி வேறு. 2024 செப்டம்பரில் வகுத்தபடி, ஓராண்டுச் செலவாகிய 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்னரே கட்டிவிட வேண்டும். அங்கே சென்ற பின் மாதம் 992 யூரோ எடுக்கலாம்.

நிற்க. சென்ற ஆண்டு எனக்குப் பிரிட்டனில் இடம் கிடைத்தது. என் தந்தையார்க்குச் சிவாஜிநகரில் சிறிய தையற்கடை. வங்கியில் இருந்ததோ 3 லட்சம். தரகர் ஒருவர் வந்தார். "தம்பி, ஒரு மாசம் அப்பா கணக்கிலே பணம் போட்டு வைக்கிறேன். விசா வந்ததும் திருப்பிடுங்க. வட்டி மட்டும் கொடுத்தாப் போதும்" என்றார். நான் மயங்கினேன். தந்தையார் ஒன்றே கேட்டார்: "அவரு பணத்தை அவரு எடுத்துக்கிட்டப்புறம், நீ அங்கே என்னத்தைச் சாப்பிடுவே?"

என்னிடம் விடையில்லை. அங்கே பட்ட வகுப்பு மாணவன், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். அவ்வூதியத்தில் உணவும் வாடகையும் கட்டுமா? மேலும், மனுவில் ஏமாற்றியது தெரிந்தால் 10 ஆண்டுத் தடையும் வரலாம். இச்சான்று அதிகாரிக்காக மட்டுமன்று, நம் வயிற்றுக்காகவும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

பின்னர் வங்கியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தேன். முறையான கல்விக் கடனுக்கு 28 நாள் விதி இல்லை. மனுவுக்கு முந்திய ஆறு மாதத்துக்குள் தேதியிட்ட வங்கிக் கடிதம் வேண்டும். எனக்குக் கடன் கிடைப்பதற்குள் செப்டம்பர் வகுப்பு தொடங்கிவிட்டது. ஓராண்டு வீணாயிற்றே என்று வருந்தியதுண்டு. பல்கலைக்கழகம் இடத்தை இவ்வாண்டுக்கு மாற்றித் தந்தது. வங்கிக் கடிதமும் கையில் இருக்கிறது.

ஆதலின் நண்பர்களே, இடத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பணத்துக்கும் வழி தேடுங்கள். தொகைகள் மாறுவன, மனுவுக்கு முன் அந்நாட்டு அரசின் அறிவிப்பை ஒருமுறை பாருங்கள். ஐயமுள்ளோர் நான் புறப்படுமுன் சங்க அறையில் என்னைக் காணலாம்.