நிலம் தந்தவர்க்கு நகரில் இடம்

புனே நகரின் வடமேற்கே உள்ள நிக்டி முன்னர் உழவர் சிற்றூராக இருந்தது. 1954-இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை நிறுவப்பட்டபின் அவ்வட்டாரத்தில் தொழில்கள் பெருகின. தொழிலாளர் குடியிருப்புக்காக 1972-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. நிக்டி முதலிய ஊர்களின் விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டு, 99 ஆண்டுக் குத்தகை மனைகளாக மாறின.

இழப்பீடு விளைநில மதிப்பில் கணக்கிடப்பட்டது. மனைகளோ நகர விலையைப் பெற்றன. சாலையும் குடிநீரும் வந்ததால் உயர்ந்த மதிப்பில் நிலம் தந்தவர்க்குப் பங்கில்லை. அவர்தம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே மனை எட்டாப் பொருளாயிற்று. 2021-இல் ஆணையம் கலைக்கப்பட்டபோதும், தொடக்க ஆண்டுகளில் நிலம் தந்தோரின் மாற்றுமனைக் கோரிக்கை தீரவில்லை.

ஹவாய்த் தீவுகளின் அனுபவமும் கருதத்தக்கது. அங்கு 1921-ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடியினர்க்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைமனை வழங்க வகைசெய்தது. ஆயினும் விண்ணப்பித்தோர் பலர் நெடுங்காலம் காத்திருக்கின்றனர். வீட்டுச் செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவிலுள்ள ஹவாய்ப் பூர்வகுடியினருள் பாதிக்கு மேற்பட்டோர் அத்தீவுகளுக்கு வெளியே வாழ்கின்றனர்.

நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நகரமைப்புக்கு நிலம் எடுக்கையில் மேம்படுத்திய நிலத்தின் 20 விழுக்காட்டை நிலம் இழந்த குடும்பங்களுக்கென ஒதுக்கி, அடக்கவிலையில் வழங்கப் பணிக்கிறது. இவ்விதி பயன் தருவது, மனை உரிய காலத்தில் கைக்குக் கிடைப்பதைப் பொறுத்ததே. தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மண்ணின் மக்களை ஊரைவிட்டு வெளியேற்றுகிறது.