சைத்ர மாதமும் இல்லறச் சாதனையும்

வசந்தம் வந்துவிட்டால், இல்லறத்தில் இருக்கும் அன்பர்கள் பலரிடமிருந்து ஒரே குறை எழுகிறது. பிள்ளைகளுக்குத் தேர்வு, மார்ச் 31-க்குள் முடிக்க வேண்டிய கணக்கு, உறவினர் வீட்டுத் திருமணம், அதற்கான பயணம், வெயில் ஏறுவதற்குள் தோட்டத்தில் செய்ய வேண்டிய வேலை என எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. காலை ஜபம் சுருங்குகிறது. மாலைத் தியானம் மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது. நூல் வாசிப்பு நின்றே விடுகிறது. 'இந்த இரண்டு மாதம் கழியட்டும், பிறகு ஒழுங்காகத் தொடங்கலாம்' என்று மனம் தனக்குத் தானே தவணை கொடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு மாதம் கழிந்ததும் கோடை விடுமுறை வந்துவிடும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் மார்கழியைத் தன் மாதமாகக் கூறும் பகவான், அதே சுலோகத்தில் மலர்கள் நிறைந்த வசந்தத்தைத் தன் பருவமாகவும் கூறுகிறார். மார்கழியை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அதற்கு விடியற்காலை உண்டு, கோலம் உண்டு, பாராயணம் உண்டு. வசந்தத்தை மட்டும் ஏனோ வேலைகளுக்கு ஒப்படைத்துவிட்டோம். வேலையும் உறவும் பயணமும் மிகுந்த ஒரு பருவத்தை, அவற்றில் எதையும் குறைக்காமலேயே இறைவனுக்குரியதாக ஆக்க முடியுமா என்பதே இம்மாதம் நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் பொருள்.

இதற்கு விடை தேடி இமயமலைச் சாரலிலுள்ள குமாவூன் பகுதியைச் சற்று உற்றுநோக்குவோம். உத்தராகண்ட் மாநிலத்தின் அல்மோரா, நைனிதால், பாகேஸ்வர், பிதோராகர், சம்பாவத் முதலிய மாவட்டங்கள் அடங்கிய பகுதி அது. மலைநாட்டார் எல்லோரும் பிறவியிலேயே பக்திமான்கள் என்று எண்ண வேண்டியதில்லை. அவர்களும் நம்மைப் போன்றவர்களே. ஆயினும் வசந்தத்தின் ஒவ்வொரு வேலையோடும் ஒரு வழிபாட்டையோ ஒரு கடமையையோ அவர்களுடைய முன்னோர் முடிந்து வைத்துள்ளனர். அந்த முடிச்சுகள் எவ்வாறு போடப்பட்டன என்பதுதான் நாம் கற்கத் தக்கது.

வாசற்படியில் பூ

சூரியன் மீன ராசியில் நுழையும் நாள், அதாவது மார்ச் மாத நடுப்பகுதியில் வரும் சங்கராந்தி, குமாவூனில் சைத்ர மாதத்தின் முதல் நாள். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அது பங்குனியின் தொடக்கம். அன்று அங்கே 'பூல் தேயி' என்னும் விழா. 'தேயி' என்பது வாசற்படி. சிறுவர் சிறுமியர் கூடைகளில் பூவும் அரிசியும் ஏந்தி, வீடு வீடாகச் சென்று வாசற்படியில் தூவி, அவ்வீடு நலமாக இருக்கட்டும் என்று பாடி வாழ்த்துவர். வீட்டார் அவர்களுக்கு அரிசியும் வெல்லமும் சில நாணயங்களும் அளிப்பர். அந்த அரிசியை மாவாக்கி இனிப்புச் செய்து குழந்தைகளே பகிர்ந்துண்பர்.

இவ்விழாவில் புரோகிதர் இல்லை, நீண்ட சங்கற்பம் இல்லை, செலவும் இல்லை. வாழ்த்துகிறவர்கள் சிறியோர், வாழ்த்தைப் பெறுகிறவர்கள் பெரியோர். இந்த இடமாற்றம் கவனிக்கத் தக்கது. ஆண்டு முழுவதும் பெரியவர்களிடம் ஆசி பெற்றுவரும் குழந்தை, அந்த ஒரு நாள் காலையில் ஊர் முழுவதற்கும் ஆசி வழங்கும் பொறுப்பை ஏற்கிறது. அதற்காக முன்னாள் மாலையே மலைச் சரிவில் ஏறிப் பூப் பறிக்க வேண்டும். பியூன்லி என்னும் சிறிய மஞ்சள் மலர் எந்தப் பாறை இடுக்கில் பூத்திருக்கிறது, பீச்சும் பிளமும் எந்தத் தோட்டத்தில் மலர்ந்துள்ளன, புராம்ஸ் மரம் எந்த உயரத்தில் சிவந்திருக்கிறது என்பதெல்லாம் அக்குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உற்றுநோக்கும் பழக்கமே சாதனையின் முதற்படி எனில், அதைக் குழந்தைக்குக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடமுறையை நம் பள்ளிகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றே சொல்லலாம்.

புராம்ஸ் உத்தராகண்டின் மாநில மரம். வழக்கமாக பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூப்பது. அண்மைக் காலத்தில் குளிர்காலம் வெப்பமாகவும் வறட்சியாகவும் அமைந்த ஆண்டுகளில் அது ஜனவரியிலேயே பூத்துவிடுவதைப் பல இடங்களில் கண்டுள்ளனர். அத்தகைய ஆண்டில், சைத்ரம் பிறக்கும்போது ஊருக்கு அருகிலுள்ள மரங்களில் பூ உதிர்ந்து போயிருக்கும். குழந்தைகள் இன்னும் உயரே ஏற வேண்டும். மற்றொரு துயரமும் உண்டு. பூவோடு செல்லும் குழந்தைகள் சில ஊர்களில் பூட்டிய கதவுகளைத்தான் காண்கின்றனர். வேலை தேடிச் சமவெளிக்குச் சென்றோர் பலர். 2001-க்கும் 2011-க்கும் இடையே அல்மோரா, பௌரி கர்வால் ஆகிய இரு மாவட்டங்களின் மக்கள்தொகை வளராததோடு, குறைந்தே போனது என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. இடப்பெயர்வை ஆராய்வதற்கென்றே மாநில அரசு 2017-இல் ஓர் ஆணையத்தை அமைக்க வேண்டியதாயிற்று. வாசற்படியை வாழ்த்துவதற்கு வாசலுக்குப் பின்னால் மனிதர் இருக்க வேண்டும் அல்லவா?

நிலமும் பலனும்

பூல் தேயி முடிந்த கையோடு நிலம் அழைக்கிறது. உயரமான இடங்களில் உருளைக்கிழங்கு நடவு நடக்கும். தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் கோதுமை முற்றிக்கொண்டிருக்கும். அடுத்து விதைக்க வேண்டிய கேழ்வரகுக்கும் குதிரைவாலிக்கும் நிலத்தில் எருவிட வேண்டும். தொழுவத்திலிருந்து எருவைக் கூடையில் சுமந்து படிக்கட்டு வயல்களுக்கு ஏறி இறங்குவோர் பெரும்பாலும் பெண்களே. புல்லுக்கும் விறகுக்கும் காட்டிற்குச் செல்வோரும் அவர்களே. பைன் மரங்கள் உதிர்க்கும் காய்ந்த ஊசியிலைகள் இப்பருவத்தில் காட்டுத் தரையை மூடிக் கிடக்கும். ஒரு தீப்பொறி போதும். 2016-லும் 2024-லும் வசந்தகாலத்தில் உத்தராகண்டின் காடுகள் பெருமளவில் எரிந்ததை நாடே கண்டது. ஆகவே மலையில் வசந்தம் என்பது ஓவியத்தில் காணும் வசந்தம் மட்டுமன்று.

ராம்கர், முக்தேஸ்வர் பகுதியின் பழத்தோட்டக்காரரை இங்கே எடுத்துக்கொள்வோம். பலனைக் கருதாது செயலாற்றுதல் என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர் அதை ஆண்டுதோறும் தேர்வாக எழுதுகிறார். ஆப்பிள் மரம் நன்கு பூப்பதற்குக் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் கடுங்குளிர் கிடைக்க வேண்டும். பழைய வகைகளுக்கு இது இன்றியமையாதது. அது அவர் கையில் இல்லை. குளிர்காலத்தில் கவாத்துச் செய்வது, எருவிடுவது, மகரந்தம் தரக்கூடிய வேறு வகை மரங்களை இடையிடையே நடுவது, தேனீப் பெட்டி வைப்பது ஆகியவை அவர் கையில் உள்ளவை. பூத்த வாரத்தில் மழையும் குளிரும் சேர்ந்தால் தேனீக்கள் வெளியே வாரா. எல்லாம் நன்றாக அமைந்து பிஞ்சு பிடித்த பின்னும், ஒரு பிற்பகலில் கால் மணி நேரம் பெய்யும் ஆலங்கட்டி மழை அந்த ஆண்டின் வருவாயைத் தரையில் கொட்டிவிடும்.

இதைக் கண்டு ஒருவர் 'எல்லாம் அவன் செயல்' என்று கையைக் கட்டிக்கொண்டால் அதனைச் சரணாகதி என்று சொல்வதற்கில்லை. ஆலங்கட்டியைத் தடுக்கும் வலை கிடைக்கிறது. வசதி உள்ளவர் அதை விரிக்கத்தான் வேண்டும். வலையை விரித்து, பெட்டியை வைத்து, கிளையை வெட்டி, செய்ய வேண்டிய அனைத்தையும் செய்த பின்னர் மனத்தில் எஞ்சும் நடுக்கம் இருக்கிறதே, அதைத்தான் இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும். வேலையை ஒப்படைத்துவிட்டு நடுக்கத்தை நம்மிடம் வைத்துக்கொள்வதே நம்மில் பலருடைய வழக்கம்.

நேரமில்லை என்று வருந்தும் அன்பர்களுக்கு இங்கே ஒரு வழி புலப்படுகிறது. வேலை மிகுந்த நாட்களில் ஜபத்தின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். அமரும் நேரத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டாம். நாற்பது நிமிடம் பத்து நிமிடமாகட்டும். விடியற்காலை அதே இடத்தில் அதே ஆசனத்தில் அமர்வது தொடருமானால், வேலை தணிந்ததும் நேரம் தானே விரியும். பயணத்தில் இருப்பவருக்கு இடம் வாய்க்காது. அவர் நேரத்தையாவது விடாமல் பற்றிக்கொள்ளட்டும். செடிக்கு நீர் ஊற்றும்போது கைப்பேசியை வீட்டிற்குள் வைத்துவிட்டு வருவது எளிய விதிதான். ஒரு வாரம் கடைப்பிடித்துப் பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

தோட்டத்தையும் குடும்பத்தையும் ஒன்றாக இணைத்த மற்றொரு வழக்கமும் அம்மலைகளில் உண்டு. குமாவூனை ஒட்டிய சமோலி மாவட்டத்தில், குவால்தம் என்னும் ஊரில், கல்யாண் சிங் ராவத் என்னும் ஆசிரியர் 1990-களின் நடுவில் 'மைத்தி' இயக்கத்தைத் தொடங்கினார். 'மைத்' என்றால் பிறந்தகம். திருமண நாளில் மணமக்கள் இருவரும் மணமகளின் பிறந்த வீட்டில் ஒரு மரக்கன்றை நடுகின்றனர். பெண் புகுந்த வீட்டிற்குச் சென்றுவிடுவாள். கன்று தாயிடம் இருக்கும். மகளுக்கு நீர் கொடுத்த கை மரத்திற்கு நீர் ஊற்றும். மரம் நடும் விழாக்களில் நட்டவற்றுள் எத்தனை பிழைக்கின்றன என்று கேட்டால் பலர் விழிப்பதுண்டு. இங்கே அக்கேள்வி எழ வாய்ப்பே குறைவு. மகளின் நினைவாக நிற்கும் கன்றை எந்தத் தாய் காயவிடுவாள்? 2020-இல் ராவத் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

தமக்கையைக் காணச் செல்லுதல்

சைத்ர மாதத்தின் தலையாய கடமை 'பிட்டௌலி'. சந்திப்பு என்னும் பொருளுடைய 'பேன்ட்' என்ற சொல்லோடு தொடர்புடையது இப்பெயர். இம்மாதத்தில் மணமான பெண்ணைக் காணப் பெற்றோரோ உடன்பிறந்தவனோ அவள் புகுந்த வீட்டிற்குச் செல்ல வேண்டும். தாய் சமைத்துத் தந்த பூரி, இனிப்பு, புத்தாடை ஆகியவற்றை எடுத்துச் செல்வர். வயல் வேலை உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் இக்கடமையையும் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்த பின் போகலாம் என்று விட்டிருந்தால் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள் என்பது முன்னோருக்குத் தெரிந்திருக்கலாம்.

இதைப் பற்றி அங்கே ஒரு நாட்டுக்கதை வழங்குகிறது. தம்பி வருவான் என்று நாள்கணக்கில் உறங்காமல் காத்திருந்த பெண், களைப்பினால் ஒரு நாள் பகலில் கண்ணயர்ந்தாள். நெடுந்தூரம் மலையேறி வந்த தம்பி, உறங்கும் அக்காவை எழுப்ப மனம் வராமல் அருகிலேயே அமர்ந்திருந்தான். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டியிருந்ததால், கொண்டுவந்த கூடையை அவள் அருகில் வைத்து வணங்கிவிட்டுப் புறப்பட்டான். விழித்த அக்கா கூடையைக் கண்டாள்; ஓடிப் பார்த்தாள்; தம்பி போய்விட்டான். தம்பி பசியோடு போனானே, நான் உறங்கினேனே என்று புலம்பியே உயிர் விட்டாள். சைத்ர மாதத்தில் காட்டில் கூவும் ஒரு பறவையின் குரலில் இன்றும் அப்புலம்பலை அம்மக்கள் கேட்கின்றனர்.

விழிப்பாக இருக்க வேண்டும், இறைவன் வரும்போது உறங்கிவிடக் கூடாது என்று இக்கதைக்கு உபதேசமாகப் பொருள் கூறுவது எளிது. அதில் அவ்வளவு நியாயம் இல்லை. அவள் சோம்பலால் உறங்கவில்லை. எருச் சுமந்து, புல் அறுத்து, வீடு மெழுகி, சமைத்து வைத்துக் காத்திருந்தவள் அவள். அவள் உடலைக் களைக்க வைத்த வீட்டாரைக் கதை ஒரு சொல்லாலும் கண்டிக்கவில்லை, நாமாவது கவனிக்கலாம். நம் வீட்டில் விழாவிற்காக மூன்று நாள் அடுப்பருகே நின்ற பெண், பூஜை நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணயர்கிறாள் என்றால், அவளை எழுப்புவதற்கு முன் அந்த மூன்று நாளும் பாத்திரம் துலக்கியவர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவருடைய சாதனை மற்றொருவருடைய முதுகின்மேல் நடப்பது தகாது.

கதையில் இன்னொன்றும் உண்டு. கூடை வந்து சேர்ந்தது; பண்டம் குறையவில்லை. ஆனாலும் அவள் அழுதாள். இக்காலத்தில் இது நமக்கு நன்றாகவே விளங்கும். தம்பி தில்லியில் இருப்பான், விடுப்புக் கிடைக்காது. முன்பு மணியார்டர் அனுப்பினார்கள். 2016-இல் யுபிஐ வந்த பிறகு கைப்பேசியில் ஒரு நொடியில் பிட்டௌலிப் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. போக இயலாதவர் பணம் அனுப்புவதில் குற்றமில்லை. அப்பணத்தால் பயனும் உண்டு. ஆயினும் இவ்வழக்கம் ஏற்பட்ட காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சாலை இல்லை, கடிதம் எழுதத் தெரிந்தவர் அரிது. பெண் இரண்டு மலைகளுக்கு அப்பால் வாழ்கிறாள். அவள் மெலிந்திருக்கிறாளா, முகம் வாடியிருக்கிறதா, மாமியார் எப்படிப் பேசுகிறார் என்பதைத் தாய்க்கு வந்து சொல்ல ஒரு ஜோடிக் கண்கள் தேவைப்பட்டன. கூடை, அந்தக் கண்கள் உள்ளே நுழைவதற்கான காரணம். வங்கிக் கணக்கிற்குப் போகும் பணம் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

எனவேதான் இன்றும் சிலர் தில்லியில் இரவு ரயிலேறி, தண்டவாளம் முடியும் காத்கோதாமில் காலையில் இறங்குகின்றனர். அதற்கு மேல் ஜீப். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடை. சென்று சேர்ந்தவன் ஓரிரவு தங்குவான், அல்லது தேநீர் அருந்திவிட்டு அன்றே திரும்புவான். பேச்சு பெரும்பாலும் எருமை, மழை, அம்மாவின் முழங்கால் வலி ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கும். அவன் வளைவில் மறைந்த பின் அக்கா கூடையைத் திறந்து, பூரியையும் இனிப்பையும் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து வருவாள். கொடுக்கும் ஒவ்வொரு வாசலிலும், யார் வந்தார்கள், வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்பார்கள். அவளும் நின்று, முதலிலிருந்து சொல்லுவாள்.