பெட்டியையும் சேர்த்து வாங்கு

அன்புள்ள தம்பி,

பழைய காரில் வேறு எஞ்சின் ஏற்ற வேண்டும், அதோடு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸும் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கான பாடம் உன் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் தயாராகி 2013-இல் விற்பனைக்கு வந்தது எக்கோஸ்போர்ட். அதன் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்குப் பவர்ஷிஃப்ட் என்ற ஆறு கியர் ஆட்டோமேட்டிக் ஜோடி. உள்ளே எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச். ஒன்று விடும்போது மற்றொன்று பிடிக்கும்.

காலியான ஈ.சி.ஆரில் கியர் மாறுவதே தெரியாது. பரனூர் சுங்கச்சாவடியில், பொங்கல் கூட்டத்தில் ஊரும்போதுதான் வில்லங்கம். இந்த வகைக் கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிச் சூடேறும், வண்டி உதறும். சீல் கசிந்து எண்ணெய் படிந்தாலும் அதே உதறல்தான். பவர்ஷிஃப்ட் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் ஃபோர்டின் அந்நாட்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

2017 இறுதியில் எக்கோஸ்போர்ட்டுக்கு மூன்று சிலிண்டர் டிராகன் எஞ்சின் வந்தது. கூடவே கியர் பெட்டியும் மாறியது: டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக். அதில் விசையைக் கடத்துவது எண்ணெய் என்பதால் நெரிசலைத் தாங்கும்.

ஆகவே எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வருகிறதோ, பெட்டியும் அதிலிருந்தே வரட்டும். கண்ட்ரோல் யூனிட், வயரிங், ஆயில் கூலர், கியர் லீவர் எல்லாம் சேர்த்து. புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் தனித்தனியாக மலிவாகக் கிடைக்கும். போல்ட் துளைகூடப் பொருந்தலாம். ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டரும் பெட்டியின் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி ஒரே கியரில் நின்றுவிடும்.

மாட்டும்போது ஒன்றைக் கூர்ந்து கவனி. கன்வர்ட்டரைக் கையால் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் டக், டக் என்று படிப்படியாக இறங்கும். கடைசிப் படியில்தான் பம்ப்பில் மாட்டும். எஞ்சினோடு பெட்டியைச் சேர்த்த பிறகு கன்வர்ட்டருக்கும் எஞ்சின் பக்கத்து ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். முட்டிக்கொண்டு நின்றால் கழற்றி மறுபடி மாட்டு. போல்ட்டை முறுக்கிப் பெட்டியை இழுத்தால் பம்ப் நொறுங்கும்.

லீவரை டிரைவில் போட்டும் வண்டி தாமதமாக நகர்ந்தால் முதலில் ஆயில் அளவு. தயாரிப்பாளர் சொன்ன சூட்டில், சொன்ன முறையில் பார்க்க வேண்டும். ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் போயிருக்கும். ஆயில் நன்றாக இருந்தும் கியர் கிறுக்குப் பிடித்ததுபோல் மாறினால் பேட்டரியையும் எர்த் வயரையும் பார். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் கனெக்டர் முனையில் பச்சை பூத்திருக்கும். ஸ்கேனரைக்கூடச் செருகாமல் பெட்டியை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதே.

கடைசியாகச் சட்டம். தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. அதே வகை எஞ்சின் என்றாலும் முன் அனுமதி வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வா.

அன்புடன்,
அண்ணன்