நேபாளத்தில் நாம் படித்த பாடம்

வாசிக்க: லூக்கா 10:5-8, 1 கொரிந்தியர் 9:19-23



கர்த்தருடைய கிருபையால் நம் சபையிலிருந்து ஒன்பது பேர் நேபாளம் போய்ப் பத்திரமாய்த் திரும்பினோம். "எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டாங்க பாஸ்டர்?" என்று பலர் கேட்கிறீர்கள். நான் ஏன் பதில் சொல்வதில்லை என்பதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறேன்.

கோரக்பூர் வரை ரயில், சுனௌலியில் எல்லை தாண்டி பஸ். நமக்கு விசா வேண்டியதில்லை. கடிகாரத்தை 15 நிமிஷம் முன்னே தள்ளினால் போதும். "இதுவும் நம்ம ஊரு மாதிரிதானே" என்ற எண்ணம் அங்கேயே வந்துவிட்டது. அதுதான் முதல் தப்பு.

ஞாயிறு ஆராதனைக்கென்று நான் பிரசங்கம் ஆயத்தம் பண்ணிக்கொண்டிருக்க, வெள்ளி ராத்திரி அந்த ஊர்ப் போதகர் வந்து, "நாளைக்குக் காலையில் ஆராதனை" என்றார். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. சபைகள் பெரும்பாலும் அன்றுதான் கூடுகின்றன. இதைக்கூட விசாரிக்காமல் போனேனே!

சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் வெட்கம். ஒருவர் வாய் பட்டதை "ஜூட்டோ" என்பார்கள். நம் பாட்டிமார் பார்த்த எச்சில்தான் அது, நாம் மறந்துபோனோம். நம் சகோதரர் ஒருவர் தாம் சாப்பிட்ட கரண்டியையே பருப்புச் சட்டியில் விட்டுவிட்டார். அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தப் பருப்பை ஒருவரும் தொடவில்லை. இன்னும் இரட்சிக்கப்படாத அவருடைய மாமியார் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைப்பிரதிக் கட்டையும் கொண்டுபோயிருந்தோம். "பைக்குள்ளேயே இருக்கட்டும், தாஜு" என்றார் போதகர். தாஜு என்றால் அண்ணன். 'இவருக்கு விசுவாசம் குறைவோ' என்று நினைத்தேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக. 2015-ம் வருஷத்து அரசியல் சட்டமே மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டாரைத் தண்டனை முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். நாம் பிரதி கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். அவர் எங்கே போவார்?

அங்கே ஊழியம் நம்மால் ஆரம்பித்ததல்ல, பிரியமானவர்களே. 1951-க்குப் பிறகு நாடு திறந்தபோது, இந்தியப் பக்கத்திலிருந்து நேபாளிகளே சுவிசேஷத்தோடு திரும்பிப் போனார்கள். 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல்.

அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையை ஒரு வாலிபத் தம்பி சொன்னார். தசைன் பண்டிகையில் பெரியவர்கள் அரிசி, தயிர், சிவப்புப் பொடி குழைத்துப் பிள்ளைகள் நெற்றியில் டீகா வைத்து ஆசீர்வதிப்பார்கள். இவர் வேண்டாம் என்றதும், அப்பாவின் ஆசீர்வாதத்தையே தள்ளிவிட்டான் என்று வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஆனாலும் ஒவ்வொரு தசைனுக்கும் பழங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு ஓரமாய் உட்காருவாராம். மூன்றாம் வருஷம்தான் அப்பா, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, நாங்கள்தான் அழுதோம்.

இந்த இதழில் படங்களைத் தேடுவீர்கள். எடுத்தோம், ஆனால் ஒரு முகத்தையும், ஒரு ஊர்ப் பெயரையும் அச்சிடவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "அந்தத் தம்பி", "அந்த மாமியார்" என்று சொல்லியே ஜெபியுங்கள்.