மாநகர வல்லூறுகளும் பறவைக் காய்ச்சலும்

நகரத்துப் பறவை என்றதும் நம் நினைவுக்கு வருபவை காகம், புறா, மைனா ஆகியவைதாம். உணவுக்கடை மேசைகளில் மிஞ்சியதைக் கொத்தித் தின்று, மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்து, நம்மோடு சேர்ந்து வாழப் பழகிவிட்ட பறவைகள் இவை. ஆனால், உலகின் பல மாநகரங்களில் இவற்றுக்கும் மேலே, நாம் அண்ணாந்து பார்க்க மறந்த உயரத்தில், இன்னொரு பறவையும் குடியிருக்கிறது. அதுதான் பொரி வல்லூறு. ஒரு காலத்தில் அழிந்தே போய்விடும் என்று அஞ்சப்பட்டு, பின்னர் மனித முயற்சியால் மீண்டு வந்த பறவை அது. இன்று அதற்குப் பறவைக் காய்ச்சல் வடிவில் இன்னோர் ஆபத்து வந்திருக்கிறது. அந்த ஆபத்து எத்தகையது, ஏன் அதனை எளிதில் கண்டறிய முடிவதில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் இயல்பும்

வளைந்த அலகும் கூரிய நகமும் கொண்ட எந்தப் பறவையைக் கண்டாலும் 'பருந்து' அல்லது 'கழுகு' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். தமிழில் இவற்றைப் பிரித்துச் சொல்லத் தனிச் சொற்கள் உண்டு. வல்லூறு, இராசாளி என்பவை அவற்றுள் அடங்கும். இந்தியக் கடற்படை அரக்கோணத்தில் உள்ள தன் விமானத் தளத்திற்கு 'இராசாளி' என்று பெயரிட்டிருப்பதைப் பலர் அறிந்திருக்கலாம்.

பொரி வல்லூறு ஏறத்தாழக் காகத்தின் அளவே இருக்கும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. இதன் அறிவியல் பெயரில் உள்ள 'பெரிகிரினஸ்' என்ற இலத்தீன் சொல், ஊர்விட்டு ஊர் அலைந்து திரிவது என்னும் பொருளைத் தரும். பெயருக்கு ஏற்ப, அண்டார்க்டிகா தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் இப்பறவை காணப்படுகிறது. உயரத்திலிருந்து இரையை நோக்கிப் பாயும்போது இதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். உலகிலேயே மிக விரைவான உயிரினம் இதுவே.

இப்பறவை சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையின் விளிம்பில் சிறு பள்ளம் பறித்து, அதில் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்புக் குன்றுகளிலும் இவ்வினத்தின் ஒரு வகை வாழ்கிறது. வானளாவிய கட்டடங்கள் இதன் கண்ணுக்குப் பாறைகளாகவே தெரிகின்றன. கீழே ஆண்டு முழுவதும் புறாக்கள் கிடைக்கின்றன. இவ்விரு காரணங்களால்தான் வல்லூறு மாநகரவாசி ஆனது. நியூயார்க்கின் பாலங்கள், இலண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம், நமக்கு அருகில் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில் உள்ள ஓசிபிசி கட்டடம் என இவை தங்கிய இடங்களின் பட்டியல் நீளும்.

முதல் ஆபத்து: டி.டி.டி.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'உணவுச் சங்கிலி' படித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். புல்லை வெட்டுக்கிளி தின்னும். வெட்டுக்கிளியைத் தவளை தின்னும். தவளையைப் பாம்பும், பாம்பைக் கழுகும் தின்னும். தேர்வுத் தாளில் அம்புக்குறி போட்டுவிட்டு அதை மறந்துவிட்டோம். அந்த அம்புக்குறியின் வழியே உணவு மட்டுமன்றி நஞ்சும் செல்லும் என்பதை உலகுக்கு உணர்த்திய பறவைகளுள் பொரி வல்லூறும் ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி உலகெங்கும் தெளிக்கப்பட்டது. அது பூச்சிகளின் வழியே சிறு பறவைகளின் உடலில் சேர்ந்தது; அவற்றைத் தின்ற வல்லூறுகளின் கொழுப்பில் பன்மடங்காகப் பெருகியது. இந்நஞ்சு முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து படிவதைத் தடுத்தது. விளைவு என்ன? தாய்ப்பறவை அடைகாக்க அமர்ந்ததும் அதன் எடை தாங்காமல் முட்டைகள் உடைந்தன. பிரிட்டனைச் சேர்ந்த டெரிக் ராட்கிளிஃப், அரும்பொருளகங்களிலும் தனியாரிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளைப் புதியவற்றுடன் ஒப்பிட்டு, ஓடு மெலிந்துபோனதை 1967ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார். அதற்குள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பொரி வல்லூறு கூடு வைப்பதே நின்றுபோயிருந்தது.

அமெரிக்கா 1972ஆம் ஆண்டு டி.டி.டி.யைத் தடை செய்தது. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் கேட் 1970இல் தொடங்கிய அமைப்பும் வேறு பல குழுக்களும் வல்லூறுகளைக் கூண்டில் வளர்த்து, குஞ்சுகளைப் பாறைகளிலும் கட்டடங்களிலும் விடுவித்தன. 1983இல் நியூயார்க் மாநகரப் பாலங்களில் அவை மீண்டும் கூடு வைத்தன. 1999இல் அழிவுக்குள்ளாகும் உயிரினங்களுக்கான அமெரிக்கப் பட்டியலிலிருந்து பொரி வல்லூறு நீக்கப்பட்டது. கெடுதலைச் செய்த மனிதனே அதனைத் திருத்திக்கொள்ளவும் முடியும் என்பதற்கு இது நல்லதொரு சான்று எனலாம்.

இரண்டாம் ஆபத்து: பறவைக் காய்ச்சல்

பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் இயற்கையாகவே வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் குடலில் வாழ்பவை. பெரும்பாலும் அவற்றுக்கு இவை தீங்கு செய்வதில்லை. கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் இரு புரதங்களை எச், என் என்ற எழுத்துகளால் குறிப்பர். எச்5என்1 என்ற பெயர் அவ்வாறு வந்ததே.

இக்கிருமி நெருக்கமாக அடைத்து வளர்க்கப்படும் கோழிகளிடையே நுழையும்போதுதான் நிலைமை மாறுகிறது. பறவையிலிருந்து பறவைக்கு விரைவாகத் தாவும்போது, எச் புரதத்தில் ஒரு மாற்றம் ஏற்படலாம். அம்மாற்றத்திற்கு முன், கிருமி குடலிலும் மூச்சுக்குழாயிலும் மட்டுமே பெருக முடியும். மாற்றத்திற்குப் பின், மூளை உட்பட எல்லா உறுப்புகளிலும் பெருகும். சாதாரணக் கிருமி கொடிய கிருமியாவது இப்படித்தான்.

இன்று பரவியுள்ள எச்5என்1 கிருமியின் மூதாதை 1996ஆம் ஆண்டு சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஒரு பண்ணை வாத்தினத்தில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேர் நோயுற்று, அவர்களுள் 6 பேர் மாண்டனர். 2004 ஜனவரியில் அதே ஹாங்காங்கில் இறந்து கிடந்த ஒரு பொரி வல்லூறின் உடலில் எச்5என்1 கிருமி இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கிளந்தானில் கம்பத்துக் கோழிகளிடையே நோய் கண்டு, நம் நாடும் அச்சத்திற்கு உள்ளானது. 2004 அக்டோபரில் தாய்லாந்திலிருந்து கடத்தப்பட்ட இரு கழுகுகள் பிரசல்ஸ் விமான நிலையத்தில் பிடிபட்டபோது, அவற்றின் உடலிலும் இக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது.

2020க்குப் பிறகு இதன் புதிய கிளை ஒன்று காட்டுப் பறவைகளிடையே ஐரோப்பா முழுவதும் பரவியது. 2021 இறுதியில் வட அமெரிக்காவையும், அடுத்த ஆண்டு தென் அமெரிக்காவையும் எட்டியது. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் அண்டார்க்டிகா நிலப்பகுதியிலும் கண்டறியப்பட்டது. முன்பு பண்ணை நோயாக இருந்தது, இன்று காட்டுயிர்களின் கொள்ளைநோயாக மாறிவிட்டது.

வல்லூறு ஏன் அதிகம் பாதிக்கப்படுகிறது?

முதலாவதாக, அது உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கிறது. நோயுற்ற வாத்தையோ கடற்காகத்தையோ கிழித்துத் தின்னும்போது கிருமி நேரடியாக அதன் உடலுக்குள் செல்கிறது. இரண்டாவதாக, வேட்டைப் பறவையிடம் எளிதில் சிக்குவது தளர்ந்த பறவையே. எனவே நோயுற்ற இரை அதன் காலில் அகப்படும் வாய்ப்பு கூடுதலாகிறது. மூன்றாவதாக, அதே இரையைத்தான் அது குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. நோய் கண்ட வல்லூறு நிலை தடுமாறும், கழுத்து திருகிக்கொள்ளும், வலிப்பு ஏற்படும், விரைவில் இறந்துவிடும்.

அப்படியானால் மாநகர வல்லூறுகளின் நிலை என்ன? இங்குதான் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. புறாக்களுக்கு இந்நோயை எதிர்க்கும் தன்மை ஓரளவு அதிகம். அவற்றின் உடலிலிருந்து வெளியேறும் கிருமியும் குறைவு. ஆகவே, புறாவை மட்டும் நம்பி வாழும் வல்லூறுக்கு ஆபத்து குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால், உலகின் பெருநகரங்கள் பல கடலோரத்திலோ ஆற்றோரத்திலோ அமைந்தவை. அங்கு வாழும் வல்லூறு, புறாவோடு கடற்காகத்தையும் உள்ளான்களையும் வாத்துகளையும் பிடிக்கிறது. நகரத்தின் பாதுகாப்பு அந்த நீர்க்கரையோடு முடிந்துவிடுகிறது.

நீர்நிலைகள் மிகுந்த நெதர்லாந்தில் பொரி வல்லூறுகளின் எண்ணிக்கை குறைந்து வருவதற்குப் பறவைக் காய்ச்சலும் ஒரு காரணம் என்று 2025இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. டி.டி.டி. தடைக்குப் பின் படிப்படியாகப் பெருகிய பறவை, அங்கே மீண்டும் இறங்குமுகம் காண்கிறது.

நிறைந்த கூடு சொல்லும் பொய்

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டில் ஆனி, கிரினெல் என்று பெயரிடப்பட்ட வல்லூறு இணை 2017 முதல் குஞ்சு பொரித்து வந்தது. படக்கருவியின் வழியே உலகெங்கும் உள்ளவர்கள் அக்குடும்பத்தைக் கண்டு மகிழ்ந்தனர். 2022 மார்ச் மாதம் ஆண் பறவை கிரினெல் இறந்தது. வாகனம் மோதியிருக்கலாம் என்று கருதப்பட்டது. முட்டைகள் வீணாகுமே என்று எல்லாரும் வருந்திக்கொண்டிருந்தபோது, சில மணி நேரத்திலேயே வேறோர் ஆண் பறவை வந்து ஆனியோடு சேர்ந்து அடைகாத்தது!

மனம் நெகிழச் செய்யும் இந்நிகழ்ச்சியில் ஒரு பாடமும் அடங்கியுள்ளது. கூடு வைக்க இடம் கிடைக்காமல் சுற்றித் திரியும் வளர்ந்த பறவைகள் ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு. கூட்டுக்குரிய பறவை இறந்தால் அவற்றுள் ஒன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, இவ்வாண்டும் கூட்டில் இரு பறவைகள் இருக்கின்றன என்பதால் மட்டும் யாரும் இறக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. காத்திருக்கும் பறவைகள் உள்ளவரை கூடு நிறைந்தே இருக்கும். அவையும் தீர்ந்துபோன பின்னரே கூடுகள் காலியாகும். நாம் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். கால் வளையமிட்டு ஒவ்வொரு பறவையையும் அடையாளம் காண்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

2025 ஜனவரிக்குப் பிறகு ஆனியும் காணப்படவில்லை. அப்போது அவ்வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் பரவியிருந்ததால், அதுவே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. உடல் கிடைக்காததால் உறுதிசெய்ய இயலவில்லை. மாநகர வல்லூறுகளின் சாவு பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கிறது. ஏதோ ஒரு கூரையிலோ சதுப்பிலோ அது விழுகிறது, எவரும் காண்பதில்லை.

என்ன செய்யலாம்?

டி.டி.டி.யைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கிருமியைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியாது. தடுப்பூசி போடலாமே என்று கேட்கலாம். 2023இல் அமெரிக்காவின் அரிசோனா வட்டாரத்தில் 21 கலிபோர்னியக் காண்டோர்கள் இந்நோயால் இறந்தபோது, எஞ்சியவற்றுக்குத் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. சில நூறு பறவைகளே உள்ள இனத்திற்கு அது பொருந்தும். உலகெங்கும் சிதறி வாழும் வல்லூறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது நடவாத காரியம்.

எனவே, கிருமி பெருகும் இடங்களைக் குறைப்பதே வழி. பண்ணைகளில் காட்டுப் பறவைகள் நுழையாமல் காப்பது, நோய் கண்டால் மறைக்காமல் உடனே அறிவிப்பது, பறவைக் கடத்தலை ஒடுக்குவது ஆகியவை அதற்கு உதவும். பிரான்சு 2023 அக்டோபர் முதல் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி போட்டு வருகிறது. காட்டுப் பறவைகளிடம் ஏற்கெனவே நிலைத்துவிட்ட கிருமியை இவை முற்றாக ஒழிக்கமாட்டா. ஆயினும், புதிய கொடிய வகைகள் தோன்றும் வாய்ப்பை நிச்சயம் குறைக்கும்.

நம் பங்கும் உண்டு. இறந்தோ தடுமாறியோ கிடக்கும் பறவையைக் கையால் தொடாமல், மலேசியாவில் கால்நடைச் சேவைத் துறைக்கும் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்திற்கும் தெரிவிக்கலாம். வல்லூறின் உடல் ஒன்று ஆய்வகத்தைச் சென்றடைந்தால், காணாமற்போன பல பறவைகளுக்கு விடை கிடைக்கக்கூடும்.

பொரி வல்லூறு ஒரு முறை நமக்கு எச்சரிக்கை தந்தது. அதன் மெலிந்த முட்டை ஓடுகள்தாம், நாம் உண்ணும் உணவிலும் நஞ்சு கலந்திருப்பதைக் காட்டின. இப்போது இரண்டாம் முறையாக எச்சரிக்கிறது. கோழிப் பண்ணையில் தொடங்கியது மாடுகளையும் மனிதர்களையும் தொட்டுவிட்டது. அடுத்த முறை உயர்ந்த கட்டடம் ஒன்றைக் கடந்து செல்லும்போது சற்று அண்ணாந்து பாருங்கள். அங்கே வல்லூறு இருந்தால் மகிழுங்கள். அத்துடன் நின்றுவிடாமல், சென்ற ஆண்டு இருந்த அதே பறவைதானா இது என்றும் கேளுங்கள்.